‘இன்னும் படிக்கவில்லை’: திரெப்ளெவைச் சாகடித்தது எது?

ஏரிக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘கடற்பறவை’ நாடகத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே அதில் வரும் இளம் எழுத்தாளன் கான்ஸ்தந்தீன் திரெப்ளெவை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். காதலில் தோற்றான், எழுத்தில் தோற்றான், தன்னைச் சுட்டுக்கொண்டான். தேர்வுக்கு எழுதிய நோட்ஸ் மாதிரி இருக்கிறது. நாடகத்தை ஒரு முறை நிதானமாகப் படித்தவர்கள்கூட இதையே சொல்வதுதான் எனக்கு ஆச்சரியம்.

நான்காம் அங்கத்தில் அவன் தோற்றுப்போன எழுத்தாளன் அல்ல. பத்திரிகைகளில் அவன் கதைகள் வருகின்றன, பணமும் வருகிறது. பீட்டர்ஸ்பர்க்கிலும் மாஸ்கோவிலும் உங்களைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள், ஆள் எப்படி இருப்பார், தலைமுடி கறுப்பா வெளுப்பா, வயதென்ன என்று கேட்கிறார்கள் என்று அவன் அம்மாவின் காதலனும் புகழ்பெற்ற எழுத்தாளனுமான திரிகோரினே வந்து சொல்கிறான். புனைபெயரில் எழுதுவதால் உண்மைப் பெயர் யாருக்கும் தெரியவில்லையாம். முதல் அங்கத்தில் 25 வயதில் ஒன்றுமில்லாமல் நின்றவன் இரண்டே ஆண்டுகளில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறான். எத்தனை பேருக்கு இது வாய்க்கும்?

இப்போது அதே அங்கத்தில் சீட்டு மேசையைச் சுற்றி எல்லோரும் லோட்டோ ஆடும் இடத்துக்கு வாருங்கள். திரெப்ளெவ் பக்கத்து அறையில் சோகமான ஒரு வால்ஸ் வாசித்துக்கொண்டிருக்கிறான். இங்கே எண்களைக் கூப்பிட்டுக்கொண்டே அவனைப் பற்றிப் பேசுகிறார்கள். அவனிடம் ஏதோ இருக்கிறது என்று மருத்துவர் டோர்ன் சொல்கிறார். சொல்லிவிட்டு அவன் அம்மாவான நடிகை அர்காதினாவின் பக்கம் திரும்பி, மகன் எழுத்தாளன் ஆனதில் மகிழ்ச்சிதானே என்று கேட்கிறார். அவள் பதில்: ‘பாருங்களேன், நான் இன்னும் படிக்கவில்லை. நேரமே கிடைப்பதில்லை.’

அடுத்து வருவது வசனம் அல்ல, மேடைக்குறிப்பு. திரெப்ளெவ் ஓசைப்படாமல் உள்ளே வந்து தன் மேசைக்குப் போகிறான்.

காதில் விழுந்ததா இல்லையா என்று செகாவ் சொல்லவில்லை. என் கணிப்பில் இந்த நாடகத்தின் துப்பாக்கி வெடிப்பது இங்கேதான். பிறகு திரைக்குப் பின்னால் கேட்பது அதன் எதிரொலி. அவனுக்கு வாசகர்கள் கிடைத்துவிட்டார்கள். அவன் யாருக்காக எழுதினானோ அவள் படிக்கவில்லை. அதற்குச் சற்று முன்புதான் திரிகோரின் புதிய இதழ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். இருவர் கதையும் அதில் இருக்கிறது. அக்காலத்து இதழ்களின் தாள்கள் மடிப்பு மடிப்பாக ஒட்டியபடியே வரும், கத்தியால் கீறினால்தான் படிக்க முடியும். திரெப்ளெவ் புரட்டிப் பார்க்கிறான். திரிகோரின் தன் கதையின் பக்கங்களைக் கீறியிருக்கிறான், இவன் கதையைத் தொடவே இல்லை.

மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சந்தேகப் பிராணி

நினைப்பதைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? இருபத்தைந்து வயது ஆண்பிள்ளை. மாமா சோரினின் பண்ணை வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். படிப்பைப் பாதியில் விட்டவன், வேலைக்கும் போவதில்லை. கோபம் வந்தால் பறவையைச் சுடுகிறான், அதற்கும் மேல் கோபம் வந்தால் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். எல்லாவற்றுக்கும் அம்மாதான் காரணம் என்றால் எப்படி?

அதே நாடகத்தில் மெத்வெதென்கோ என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருக்கிறார். மாதம் 23 ரூபிள் சம்பளம். அதில் தாய், இரண்டு தங்கைகள், ஒரு தம்பி, தான் என்று ஐந்து வயிறு. அவரை ஒருவரும் மதிப்பதில்லை, குதிரை வண்டிகூடக் கொடுக்காமல் இரவில் நடந்துபோகச் சொல்கிறார்கள். அவர் புலம்புகிறார், ஆனால் நடந்து போகிறார். எனக்கு அவர் பக்கம்தான் மனம் சாய்கிறது.

ஏரிக்கரையான்

கோபம் ஒன்றுமில்லை. மெத்வெதென்கோவைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் பணத்தைப் பேசினால் முழுவதும் பேசுவோம்.

அர்காதினாவின் பேரில் ஒடெஸா வங்கியில் 70,000 ரூபிள் கிடக்கிறது என்று மகன் முதல் அங்கத்திலேயே சொல்லிவிடுகிறான். கடன் கேட்டால் அழ ஆரம்பித்துவிடுவாளாம். மூன்றாம் அங்கத்தில் சோரின் தங்கையிடம் மெல்லக் கேட்டுப் பார்க்கிறார்: பையன் மூன்று வருடமாக ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு திரிகிறான், மேல்கோட்டும் இல்லை, கொஞ்சம் பணம் கொடேன், வெளிநாட்டுக்கு ஒரு முறை போய் வரட்டும். அவள் முதலில், ஒரு சூட்டுக்கு வேண்டுமானால் பார்க்கலாம் என்கிறாள். அடுத்த மூச்சில் சூட்டுக்கும் முடியாது, பணமே இல்லை என்கிறாள். சோரின் சிரித்ததும் கண்ணீர். நான் நடிகை, என் உடைகளே என்னை ஓட்டாண்டி ஆக்கிவிட்டன என்கிறாள். ஊருக்குக் கிளம்பும்போது சமையல்காரன் கையில் ஒரு ரூபிளை வைத்து, ‘மூன்று பேருக்கும் சேர்த்து’ என்கிறாள் பாருங்கள், அந்த இடத்தில் அரங்கமே சிரிக்கும்.

அவன் நிலை என்ன? பல்கலைக்கழகத்தை மூன்றாம் ஆண்டில் விட்டு வந்தவன். கையில் ஒரு காசு இல்லை. கடவுச்சீட்டில் கியெவ் நகரத்துச் சாமானிய வகுப்பைச் சேர்ந்தவன் என்று பதிந்திருக்கிறது. அப்பாவும் புகழ்பெற்ற நடிகர்தான், ஆனால் அவருக்கும் சட்டப்படி அதே தகுதிதான். அம்மாவின் வரவேற்பறைக்கு வரும் நடிகர்களும் எழுத்தாளர்களும் தன்னை அன்போடு பார்க்கும்போது, தான் எவ்வளவு அற்பம் என்று அளந்து பார்ப்பதாகவே தோன்றும் என்கிறான். வேலைக்குப் போகாதவன்தான். கிராமத்தில் அவனுக்கு என்ன வேலை இருந்தது என்று நாடகத்தில் எங்காவது காட்டுங்கள்.

கனலி

ஏரிக்கரையான் சொன்ன ‘படிக்கப்படாதவன்’ என்ற பார்வை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதைப் பாதியில் நிறுத்திவிட்டார். திரெப்ளெவ் யாரைப் படித்தான்?

அவன் காதலிக்கும் பக்கத்துப் பண்ணைப் பெண் நீனா, முதல் அங்கத்தில் அவன் எழுதிய நாடகத்தில் நடிக்கப் பயந்து பயந்து ஓடி வருகிறாள். வீட்டில் தந்தையும் சிற்றன்னையும் விடமாட்டார்கள், திருட்டுத்தனமாக வந்திருக்கிறாள். வந்தவள் ஒன்று சொல்கிறாள்: உங்கள் நாடகத்தில் நடிப்பது கஷ்டம், அதில் உயிருள்ள மனிதர்களே இல்லை. எவ்வளவு நல்ல விமர்சனம்! பதினெட்டு பத்தொன்பது வயதுப் பெண் சொல்கிறாள். வாழ்க்கையை இருக்கிறபடி காட்டக் கூடாது, கனவில் தெரிகிறபடி காட்ட வேண்டும் என்று ஒரு சொற்பொழிவு ஆற்றி அவன் அதைத் தள்ளிவிடுகிறான். அவள் மேடையில் ஏறியதும் பேசுவது இரண்டு லட்சம் ஆண்டுகளுக்குப் பிறகான உலகத்தை. சிங்கமும் கழுகும் மானும் எல்லாம் அழிந்துவிட்டன, உலக ஆன்மா மட்டும் மிச்சம். பின்னால் கந்தக நாற்றம், சாத்தானின் இரண்டு சிவப்புக் கண்கள். நேசிக்கிற பெண்ணுக்கு ஒருவன் எழுதிக் கொடுத்த பாத்திரம் இது! அவளுக்கு நடிக்க என்ன இருக்கிறது அதில்?

இன்னொருத்தி மாஷா. கறுப்பு உடை உடுத்திக்கொண்டு, பொடி போட்டுக்கொண்டு, கோப்பை கோப்பையாகக் குடித்துக்கொண்டு, நாடகம் முழுவதும் இவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணம் செய்துகொண்டால் மறந்துவிடலாம் என்று அந்த ஆசிரியரைக் கட்டிக்கொள்கிறாள். மறக்கவில்லை. நான்காம் அங்கத்தில் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு இவன் இருக்கும் வீட்டில் வந்து தங்குகிறாள். அவளுடைய தாய் பொலினா அவனிடம், என் மகளைக் கொஞ்சம் அன்போடு பார், ஒரு பெண்ணுக்கு அது போதும் என்று கெஞ்சுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். ஒரு வார்த்தை இல்லை.

அம்மா மகனின் கதையைப் படிக்கவில்லை. மகன் மாஷாவைப் படிக்கவில்லை. யாரிடமிருந்து கற்றான் என்று நான் சொல்ல வேண்டுமா?

பின்வரிசை

கனலி போட்ட அடி சரியான அடி. அதில் இன்னும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

தாயும் மகனும் ஒரே அச்சு. முதல் அங்கத்தில் அவன் நாடகம் நடக்கும்போது அவள் இடையில் பேசுகிறாள்: கந்தக வாடை அடிக்கிறதே, இதுவும் வேண்டித்தான் இருக்கிறதா என்று. பார்வையாளர் கவனம் தன்னைவிட்டு ஐந்து நிமிடம் விலகினால் அவளுக்குப் பொறுக்காது. அவன் என்ன செய்கிறான்? ‘நாடகம் முடிந்தது, திரை!’ என்று காலை உதைத்துத் தானே நாடகத்தை நிறுத்திவிட்டு ஓடிவிடுகிறான். பாவம் நீனா, வசனம் பாதியில் நிற்கிறது. அவளும் அவனும் மேடையை விட்டுக்கொடுக்காதவர்கள். மூன்றாம் அங்கச் சண்டையைப் படித்துப் பாருங்கள்; அவள் அவன் தலைக்கட்டை மாற்றும் காட்சி. அன்பாகத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கஞ்சப்பிசினாரி, கந்தல்காரன் என்று ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டு, அவள் ‘நீ ஒரு பூஜ்யம்’ என்று சொன்னதும் அவன் அழ, அவளும் அழ, கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்தக் காட்சியில் எனக்கு மறக்காத ஒரு துளி இருக்கிறது. கட்டுப் போட்டுக்கொண்டே மகன் பழைய கதை ஒன்றை நினைவுபடுத்துகிறான். அவன் சிறுவனாக இருந்தபோது அவர்கள் குடியிருந்த வளவில் ஒரு சலவைக்காரியை யாரோ அடித்துப் போட்டுவிட்டார்கள். அம்மாதான் மருந்து கொண்டுபோனாள், அந்தச் சலவைக்காரியின் பிள்ளைகளைத் தொட்டியில் வைத்துக் குளிப்பாட்டினாள். நினைவில்லையா? இல்லை என்கிறாள் அர்காதினா. அதே வீட்டில் இரண்டு நடனக்காரிகள் இருந்தார்களே, காபி குடிக்க வருவார்களே என்கிறான். ஆமாம், அது நினைவிருக்கிறது! தன் வாழ்க்கையில் செய்த நல்ல காரியம் மறந்துவிட்டது, காபி நினைவிருக்கிறது. மகனிடம் இருக்கும் நல்ல அம்மா, அம்மாவிடமே இல்லை.

மருந்துச்சீட்டு

நான் இலக்கியக்காரன் அல்ல, நோயாளிகளைப் பார்க்கும் தொழில். அந்தக் கண்ணோடு படித்தபோது என்னைத் தொந்தரவு செய்தது வேறு.

இரண்டாம் அங்கத்தில் அவன் செத்த பறவையை நீனாவின் காலடியில் வைத்து, விரைவில் என்னையும் இப்படியே கொன்றுகொள்வேன் என்று வெளிப்படையாகச் சொல்கிறான். அவளுக்குப் புரியவில்லை, எரிச்சல்தான் வருகிறது. இரண்டாம் அங்கத்துக்கும் மூன்றாம் அங்கத்துக்கும் நடுவில் முதல் முயற்சி நடந்துவிடுகிறது, பிழைத்துக்கொள்கிறான். அதற்குப் பிறகு வீட்டார் செய்தது என்ன? தலையில் கட்டு. துப்பாக்கி விளையாட்டு இனி வேண்டாம் என்று அம்மாவின் செல்லக் கண்டிப்பு. பொறாமைதான் காரணம், திரிகோரினைச் சீக்கிரம் இங்கிருந்து அழைத்துப் போனால் சரியாகிவிடும் என்ற அவளுடைய கண்டுபிடிப்பு. நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒருவர்கூட உட்கார்ந்து கேட்கவில்லை. வீட்டிலேயே ஒரு டாக்டர் இருக்கிறார். டோர்ன் நல்ல மனிதர், அவன் நாடகத்தைப் பாராட்டிய ஒரே ஆள் அவர். ஆனால் அவரும் அவனிடம் கலையைப் பற்றித்தான் பேசுகிறார், அவனைப் பற்றிப் பேசவில்லை. சோரின் வைத்தியம் செய்யச் சொல்லிக் கெஞ்சினாலும் வலேரியன் சொட்டு போட்டுக்கொள் என்பவர் அவர்.

ஒரு முறை முயன்றவரைத் தனியே விடக் கூடாது, மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பால பாடம். செகாவும் மருத்துவர்தான். தெரியாமல் எழுதியிருக்க மாட்டார்.

சந்தேகப் பிராணி

டாக்டர் ஐயா சொன்னதற்கு மறுப்பில்லை. ஒரே ஒரு கேள்வி. அவனுக்குத் திறமை இருந்ததா இல்லையா? அது தெரியாமல் பரிதாபப்படவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை.

பின்வரிசை

இதற்குச் செகாவ் விடை வைத்திருக்கிறார், பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான்காம் அங்கத்தின் பின்பாதியில் மற்றவர்கள் உணவுக்குப் போனதும் அவன் தன் கையெழுத்துப் பிரதியைத் திருத்த உட்காருகிறான். ‘வேலியில் இருந்த சுவரொட்டி அறிவித்தது’, ‘கருங்கூந்தல் சூழ்ந்த வெளிறிய முகம்’ என்று தானே எழுதியதைப் படித்துவிட்டுச் சீ என்று அடிக்கிறான். புதிய வடிவங்கள் வேண்டும் என்று கத்தியவன் நான், இப்போது நானே தேய்ந்த தடத்தில் விழுந்துகொண்டிருக்கிறேன் என்கிறான். திரிகோரினுக்கு இது சுலபம். அணைக்கரையில் உடைந்த பாட்டிலின் கழுத்து மின்னுகிறது, ஆலைச் சக்கரத்தின் நிழல் கறுத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான், நிலா இரவு தயார். தனக்கோ நடுங்கும் ஒளி, நட்சத்திரங்களின் மௌன மினுமினுப்பு, தொலைவில் பியானோ.

வேடிக்கை என்னவென்றால் அந்தப் பாட்டில் செகாவுடையதே. 1886-இல் அவர் எழுதிய ‘ஓநாய்’ கதையில் அது வருகிறது. அதே ஆண்டு அண்ணன் அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதத்தில், நிலா இரவை இப்படித்தான் காட்ட வேண்டும் என்று அதையே பாடமாகவும் சொல்லியிருக்கிறார். தன் சரக்கைத் திரிகோரினிடம் கொடுத்துவிட்டு, அதைப் பார்த்து ஏங்கும் வேலையைத் திரெப்ளெவிடம் கொடுத்திருக்கிறார் மனிதர்.

பிறகுதான் முக்கியமான வரி. பழைய வடிவமா புதிய வடிவமா என்பதல்ல விஷயம், வடிவத்தை நினைக்காமல் மனத்திலிருந்து தானாகப் பெருகுவதை எழுத வேண்டும் என்ற முடிவுக்கு வருகிறான். எழுதுகிற எவனுக்கும் இது பெரிய திறப்பு. அந்த நொடியில் ஜன்னல் தட்டப்படுகிறது, நீனா வந்திருக்கிறாள். திறமை இருந்ததா என்று கேட்டீர்கள். தன் எழுத்தின் குறையை இவ்வளவு துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவன் திறமை இல்லாதவனாக இருக்க முடியாது. ஆகவே ஏரிக்கரையானோடு நான் முரண்படுகிறேன். அம்மா படிக்காததால் அவன் சாகவில்லை. படித்திருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பாள்? முதல் அங்கத்தில் சொன்ன அதே ‘டெகடன்ட்’ (சீரழிந்த கலைக்காரன்) பட்டத்தைத்தான் மறுபடி கொடுத்திருப்பாள்.

அரிதாரம்

நான் இந்தப் பாத்திரத்தை நடித்தவன், பிறகு இயக்கியும் இருக்கிறேன். மேடைப் பக்கத்திலிருந்து சில.

முதல் காட்சியிலிருந்தே அழுமூஞ்சியாக நடித்தால் பாத்திரம் செத்துவிடும். புது நடிகர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், கையை மார்பில் வைத்துக்கொண்டு ஹாம்லெட் மாதிரி. முதல் அங்கத்தில் திரெப்ளெவ் நல்ல நகைச்சுவைக்காரன். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அம்மாவுக்கு 32 வயது, நான் வந்தால் 43, அதனால்தான் என்னைப் பிடிக்கவில்லை என்கிறான். மூன்று மெழுகுவர்த்தியைக் கண்டாலும் பதின்மூன்றாம் எண்ணைக் கேட்டாலும் நடுங்குவாள் என்கிறான். ஐஃபில் கோபுரத்தைக் கண்டு மாப்பஸான் ஓடியது போல நானும் இன்றைய நாடக அரங்கத்தைக் கண்டு ஓடுகிறேன் என்கிறான். பூவின் இதழைப் பிய்த்து, நேசிக்கிறாள், நேசிக்கவில்லை என்று எண்ணுவது காதலிக்காக அல்ல, அம்மாவுக்காக. இதைச் சிரித்துக்கொண்டே செய்கிற இளைஞன் வேண்டும். சிரிக்கத் தெரிந்தவன் சிரிப்பை நிறுத்தும்போதுதான் பார்க்கிறவனுக்குப் பயம் வரும்.

1896 அக்டோபரில் பீட்டர்ஸ்பர்க்கின் அலெக்சாந்த்ரின்ஸ்கி அரங்கில் முதல் காட்சி படுதோல்வி அடைந்தது. அன்று ஒரு நகைச்சுவை நடிகைக்கான மரியாதை நிகழ்ச்சி, வயிறு குலுங்கச் சிரிக்க வந்த கூட்டம், நீனாவின் ‘உலக ஆன்மா’ வசனத்துக்கே சிரித்துவிட்டது. திரெப்ளெவின் நாடகத்துக்கு உள்ளே நடந்ததே அதன் வெளியேயும் நடந்தது. 1898 டிசம்பரில் மாஸ்கோ கலை அரங்கம் எடுத்தபோது ஸ்தானிஸ்லாவ்ஸ்கி திரிகோரின், ஓல்கா க்னிப்பர் அர்காதினா. திரெப்ளெவாக நடித்தவர் 24 வயது மெயர்ஹோல்த். புதிய வடிவங்கள் வேண்டும் என்று மேடையில் கத்திய அந்தப் பையன் சில ஆண்டுகளில் அந்த அரங்கத்தைவிட்டே வெளியேறி, ரஷ்ய நாடகத்தில் நிஜமாகவே புதிய வடிவங்களைக் கொண்டுவந்தார். 1940-இல் ஸ்டாலின் ஆட்சி அவரைச் சுட்டுக் கொன்றது. இதை எந்த நாடக ஆசிரியரும் எழுதத் துணியமாட்டார்.

ஏரிக்கரையான்

அரிதாரம் ஐயா, உங்களிடமே கேட்கிறேன். ‘இன்னும் படிக்கவில்லை’ என்ற வரிக்குப் பின் உள்ளே வரும்போது அவன் அதைக் கேட்டதாக நடித்தீர்களா?

அரிதாரம்

ஒத்திகையில் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தோம். கேட்டதாகக் காட்டி ஒரு கணம் நின்றால் மொத்த அரங்கமும் ‘ஐயோ’ என்கிறது. அங்கேயே எல்லாம் தீர்ந்துவிடுகிறது, நீனா வரும் காட்சிக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆகவே நிற்காமல் மேசைக்குப் போக வைத்தோம். பண்ணை மேலாளர் ஷம்ராயெவ் உடனே திரிகோரினிடம், திரெப்ளெவ் அன்று சுட்ட பறவையைப் பாடம் செய்து வைத்திருப்பதைப் பற்றிப் பேசத் தொடங்குவதால் பார்வையாளரின் கண் அந்தப் பக்கம் போய்விடும். நூற்றில் பத்துப் பேர்தான் திரெப்ளெவைப் பார்ப்பார்கள். அந்தப் பத்துப் பேர் போதும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது உங்கள் கட்சிக்கு வலுச் சேர்க்கும். நீனா போன பிறகு அவன் பேசும் கடைசி வசனம் காதலைப் பற்றியது அல்ல, எழுத்தைப் பற்றியதும் அல்ல. தோட்டத்தில் யாராவது அவளைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டால் நன்றாயிருக்காது, அம்மா வருத்தப்படக்கூடும் என்கிறான். அவ்வளவுதான். அதன் பிறகு இரண்டு நிமிடம் பேச்சே இல்லாமல் கையெழுத்துப் பிரதிகளை எல்லாம் கிழித்து மேசைக்கு அடியில் போடுகிறான். இரண்டு நிமிடம் என்று செகாவே எழுதியிருக்கிறார். மேடையில் இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று நின்றவனுக்குத் தெரியும். ஆவேசமாகக் கிழித்தால் அரை நிமிடத்தில் தாள் தீர்ந்துவிடும். ஒவ்வொரு தாளாக, அலுவலகத்தில் பழைய கோப்பை ஒழிப்பவன் போலக் கிழித்தால்தான் இரண்டு நிமிடம் வரும்.

கனலி

நீனாவையும் கொஞ்சம் பேசுங்கள் ஐயா. அவளுக்கு நடந்தது இவனுக்கு நடந்ததைவிட நூறு மடங்கு. நம்பிப் போன திரிகோரின் கைவிட்டான், குழந்தை செத்தது, பெற்றோர் வீட்டு வாசலில் காவல் போட்டிருக்கிறார்கள், நாளைக்கு யெலெத்ஸுக்கு மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் குடியானவர்களோடு போகப்போகிறாள், மாகாண மேடையில் நடிக்க. அவள்தான் சொல்கிறாள், நம் வேலையில் புகழோ பளபளப்போ முக்கியமில்லை, தாங்கிக்கொள்ளத் தெரிவதுதான் என்று. சிலுவையைச் சுமக்கத் தெரிய வேண்டும், நம்பிக்கை வேண்டும் என்கிறாள். அவனோ, எனக்கு நம்பிக்கை இல்லை, என் வழி எதுவென்றே தெரியவில்லை என்கிறான்.

பின்வரிசை சொன்ன அந்தத் திறப்பு ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அவள் போகும்போது அவனுடைய பழைய நாடகத்தின் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். அவன் எழுதியதைப் படித்து, வரி மாறாமல் இரண்டு ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்த ஒரு வாசகி கண்ணெதிரே நிற்கிறாள். ஏரிக்கரையான் தேடும் அந்த வாசகி அவள்தான். ஆனால் அதே மூச்சில், திரிகோரினை இன்னும் நேசிக்கிறேன், முன்னைவிட அதிகமாக நேசிக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவன் காதில் விழுந்தது அது மட்டும்தான்.

ஏரிக்கரையான்

கனலி, இதை நான் யோசிக்கவில்லை. இந்த ஒரு பத்திக்காகவே இழை தொடங்கியது வீண்போகவில்லை. ஆனாலும் என் கட்சியை விடமாட்டேன்: நீனா மனப்பாடமாகச் சொன்னது அவன் 25 வயதில் எழுதியதை. அதற்குப் பிறகு அவன் எழுதிய கதைகளைப் பற்றி அவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சந்தேகப் பிராணி

அப்படியானால் அந்த வீட்டில் அவன் கதைகளை உண்மையில் படித்தவர் யார்? டோர்ன் படித்திருக்கிறார், பத்திரிகையில் யாரோ வைதிருக்கிறார்கள், அவர்களும் படித்திருக்க வேண்டும். மாஷா?

கனலி

மாஷா படித்திருப்பாள், பந்தயம் வைக்கிறேன். நாடகத்தில் அவளிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. மாஷாவுக்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.